33 ஆண்டுகள், அதே ஐந்து பேர்: நியூ ஆர்லியன்ஸின் ரேடியேட்டர்ஸ்

இந்தப் பெயரைத் தேடும்போது முதலில் ஒரு குழப்பம் வரும். ரேடியேட்டர்ஸ் என்ற பெயரில் அயர்லாந்தில் ஒரு பங்க் குழு உண்டு, ஆஸ்திரேலியாவில் ஒரு ராக் குழு உண்டு. மூன்றுமே எழுபதுகளில் தொடங்கியவை, ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கே பேசுவது லூசியானா மாநிலம் நியூ ஆர்லியன்ஸின் ரேடியேட்டர்ஸ். இசைத்தட்டுக் கடையில் 'எபிக்' முத்திரையோ 'குரோக்கர்' முத்திரையோ இருந்தால் சரியான குழுவைப் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1978 ஜனவரியில் எட் வோல்க்கரின் வீட்டு கராஜில் ஐந்து பேர் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். கீபோர்டு வாசிக்கும் வோல்க்கர், கிடாரிஸ்ட் கமீல் போட்வான், டிரம்மர் ஃபிராங்க் புவா மூவரும் ராப்சடைசர்ஸ் என்ற உள்ளூர்க் குழுவில் இருந்தவர்கள். கிடாரிஸ்ட் டேவ் மலோனும் பேஸ் வாசிக்கும் ரெஜி ஸ்கான்லனும் ரோட் ஆப்பிள் குழுவிலிருந்து வந்தவர்கள். அன்று கூடிய அதே ஐவர்தான் 2011 ஜூன் 11 இரவு டிப்பிட்டினாஸ் அரங்கில் விடைபெற்றார்கள். இடையில் சில ஆண்டுகள் கூடுதல் தாள வாத்தியத்துக்கு ஆறாவதாக ஒருவர் இருந்தார். ஆனால் மூல ஐவரில் ஒருவர்கூட மாறவில்லை. தேசிய அளவில் பெரிய ஹிட் இல்லாத ஒரு ராக் குழு 33 ஆண்டுகள் இப்படி நின்றது அபூர்வம். அதற்கு நட்பைக் காரணமாகச் சொல்வது எளிது. எனக்கென்னவோ அவர்கள் வேலையை அமைத்துக்கொண்ட விதம்தான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

முதலில் ஒலி. இரண்டு எலெக்ட்ரிக் கிடார், ஒரு கீபோர்டு, பேஸ், டிரம்ஸ். கேட்க எளிமையான அமைப்புதான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கிடாரின் நடு ஸ்தாயியும் பியானோவின் நடு ஸ்தாயியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். மூன்று பேரும் முழு கார்டுகளை, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் அடித்தால் பாடகரின் குரல் அமுங்கிவிடும். ஒலிப்பதிவாளர் அதற்காகக் குரலின் ஒலியைக் கூட்டுவார், மைக் கிறீச்சிடும். இதற்கு ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் மேசையில் மருந்து கிடையாது, வாசிப்பில்தான் சரிசெய்ய வேண்டும். ஒருவர் இரண்டு மூன்று ஸ்வரங்களில் துண்டு துண்டாக வெட்டி வாசிக்க, இன்னொருவர் மேல் ஸ்தாயிக்கு ஏற, பியானோ தன் இடது கையைச் சுருக்கிக்கொண்டு பேஸுக்கு வழிவிட வேண்டும். ரேடியேட்டர்ஸில் போட்வானின் ஸ்லைடு கிடார், அதாவது கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிக்கும் கிடார், பெரும்பாலும் குரலுக்குப் பதில் சொல்லும் இடத்தில் நிற்கும், மலோனின் கிடார் தாளத்தோடு ஒட்டி ஓடும். பாடுவதும் இப்படித்தான் பிரிந்திருந்தது. வோல்க்கருக்குக் கீழ் ஸ்தாயியில் முணுமுணுக்கும் குரல், மலோனுக்கு மேலே ஏறித் திறந்து பாடும் குரல். இரவு முழுக்க வாசிக்கிற குழுவுக்கு இரண்டு முதன்மைப் பாடகர்கள் இருப்பது ஆடம்பரமல்ல. ஒருவரே நான்கு மணி நேரம் பாடினால் வாரக் கடைசிக்குள் தொண்டை போய்விடும்.

அடுத்து தாளம். நியூ ஆர்லியன்ஸின் தெரு ஊர்வலங்களில் பெரிய டிரம்மை ஒருவரும் ஸ்னேர் டிரம்மை இன்னொருவரும் சுமந்து வாசிப்பார்கள். பின்னால் ஆடிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர், அந்தத் தாளத்துக்கும் அதே பெயர். உட்கார்ந்து டிரம்ஸ் வாசிப்பவர் அந்த இருவரின் வேலையைத் தன் கைகாலுக்குள் கொண்டுவர வேண்டும். இதில் நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. நேர் ராக்கில் ஒரு அடியின் இரண்டு பாதிகளும் சமம், ஒன்றுக்கு ஒன்று. ஷஃபிளில் முதல் பாதி நீளம், இரண்டுக்கு ஒன்று. நியூ ஆர்லியன்ஸ் தாளம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழும். வெளியூர்க் குழுக்கள் அதைப் போலச் செய்யும்போது தடுமாறுவது இங்கேதான். டிரம்மர் நடுவில் வாசிப்பார், கிடாரிஸ்ட் நேராக அடிப்பார், கீபோர்டு ஷஃபிளில் போகும். தனித்தனியாகக் கேட்டால் யார் மேலும் தப்பில்லை, சேர்த்துக் கேட்டால் ஒரே இரைச்சல். அந்த நடு எங்கே இருக்கிறது என்பதில் ஐந்து பேரும் ஒத்துப்போக வேண்டும். அது எழுதிவைத்துப் படிக்கிற விஷயமல்ல, ஒரே ஆட்கள் வருடக்கணக்கில் சேர்ந்து வாசித்தால்தான் படியும். ஆள் மாறாமல் இருந்ததன் முதல் லாபம் இது. ஸ்கான்லன் இதற்கு முன்பே ப்ரொஃபசர் லாங்ஹேர், ஜேம்ஸ் புக்கர் ஆகிய உள்ளூர்ப் பியானோ மேதைகளுக்கு பேஸ் வாசித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த லூயிஜிஸ் என்ற பீட்சா கடையில் புதன்கிழமை இரவுகள் அவர்களுடையவை. வாராவாரம் ஒரே இடம் என்பது ஒரு குழுவுக்குக் கிடைக்கும் மிகக் கடுமையான பயிற்சி. போன வாரம் வந்தவர்களே இந்த வாரமும் வருவார்கள், அதே பாட்டுகளை அதே வரிசையில் வாசித்தால் மூன்றாவது வாரம் கூட்டம் கரைந்துவிடும். இன்னொரு விஷயம், நியூ ஆர்லியன்ஸில் மதுக்கடைகளை இத்தனை மணிக்கு மூடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்ற ஊர்களில் ஒன்று, இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே கூட்டம் இருக்கும்வரை வாசிக்கலாம். ஒரு இரவுக்கு மூன்று செட் (இடைவேளை விட்டு வாசிக்கும் சுற்று), செட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு என்று வைத்தாலும் 36 பாட்டு வேண்டும். அதில் பாதியையாவது அடுத்த வாரம் மாற்ற வேண்டும் என்றால், கையிருப்பில் நூறு பாட்டாவது எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ரேடியேட்டர்ஸின் கையிருப்பு காலப்போக்கில் அதைப் பல மடங்கு தாண்டியது. வோல்க்கர் நிற்காமல் எழுதுகிறவர். சொந்தப் பாட்டுகளே நூற்றுக்கணக்கில் சேர்ந்தன, பிறர் பாட்டுகள் அதற்கும் மேல்.

இவ்வளவு பாட்டுகளை ஒத்திகை பார்த்துக் கட்டிக்காக்க முடியாது. மேடைதான் ஒத்திகை. இப்படி வாசிக்கும் குழுக்களில் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டின் பெயரும் சுருதியும் மட்டும் முன்னால் சொல்லப்படும், எத்தனை சுற்று என்பது கண்ஜாடையில் முடிவாகும். பாட்டிலிருந்து பாட்டுக்குத் தாவுவதற்கு எளிய வழி ஒரே சுருதி, ஏறக்குறைய ஒரே வேகம். ஒரே கார்டில் நின்று சுழலும்போது டிரம்மர் தாளத்தை மெல்லத் திருப்புவார், பேஸ் புது வரியைத் தொடங்கும், மற்றவர்கள் புரிந்துகொண்டு பின்னால் வருவார்கள். பாட்டின் நடுவே இன்னொரு பாட்டுக்குப் போய்விட்டு மறுபடி பழையதற்கே திரும்புவதும் உண்டு. பெரும்பாலும் தவறுவது தாவும்போது அல்ல, முடிக்கும்போது. எப்போது நிறுத்துவது என்று நான்கு பேருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாமல் போனால் கூட்டத்துக்கே தெரிந்துவிடும். பழைய பதிவுகளில் இப்படிப்பட்ட அசடு வழியும் முடிவுகள் கிடைக்கும். குறையாக எனக்குப் படவில்லை, ஆபத்தில்லாமல் வாசிக்கிறவர்களிடம் அவை இருக்காது.

நியூ ஆர்லியன்ஸின் ஆண்டு நாட்காட்டியே அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் மாதிரி. ஜனவரியில் குழுவின் ஆண்டு விழா. அடுத்து நகரத்தின் பெரிய களியாட்டத் திருவிழாவான மார்டி கிரா. அந்தச் சமயத்தில் 'மாம்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் களியாட்டக் குழு நடத்தும் மாறுவேட நடன இரவில் ரேடியேட்டர்ஸ்தான் வருடாவருடம் வாசித்தார்கள். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஜாஸ் ஃபெஸ்ட் என்ற இசை விழா, குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு வாரக் கடைசிகள். பல ஆண்டுகள் அதன் இறுதி நாளில் ஒரு பெரிய மேடையை முடித்துவைக்கும் பொறுப்பு இவர்களுக்கு இருந்தது. விழாக் கட்டணத்தைவிட முக்கியமானது விழாவைச் சுற்றி நடந்தது. பகலில் மைதானத்தில் கேட்ட வெளியூர்க்காரர்கள் இரவில் கிளப்புக்கு வந்தார்கள், ஊருக்குத் திரும்பியதும் அங்கே தங்களுக்கென்று ரசிகர் வட்டம் அமைத்தார்கள். மினியாபோலிஸில் 'மாம்ஸ்' (அம்மாக்கள்) பெயருக்கு ஜோடியாக 'டாட்ஸ்' (அப்பாக்கள்) என்றே பெயர் வைத்துக்கொண்டு ஒரு வட்டம் கிளம்பியது. இந்த வட்டங்களே குழுவைத் தங்கள் ஊருக்கு அழைத்து இரவு விருந்து நடத்தின. ரசிகர்களுக்குப் பெயர் 'மீன்தலையர்கள்', குழு தன் இசைக்கு வைத்த பெயர் 'மீன்தலை இசை'.

வட்டாரக் குழுவின் பிழைப்பு இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பதால் கொஞ்சம் கணக்குப் போடலாம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து பேட்டன் ரூஜ் 80 மைல். அலபாமாவின் மொபீல் 145 மைல் அளவு. ஹூஸ்டன் ஏறக்குறைய 350, மெம்ஃபிஸ் 400 சுமார். இதுவரை ஒரே பகலில் போய் இரவே வாசிக்கலாம். மினியாபோலிஸ் 1,200 மைலுக்கு மேல், சான் ஃபிரான்சிஸ்கோ 2,200க்கு மேல். இடையில் மூன்று நான்கு ஊர்களில் வேலை கிடைக்காமல் அவ்வளவு தூரம் போனால் கைக்காசு கரையும்.

கிளப் ஒப்பந்தங்களில் பரவலாக இருப்பது நுழைவுக் கட்டணப் பங்கு. ஒரு கற்பனைக் கணக்கு: டிக்கெட் 15 டாலர், 400 பேர் வந்தால் 6,000. கிளப் முதலில் தன் செலவாக ஒலி, வாசல் ஆட்கள், விளம்பரம் என்று 1,500ஐக் கழிக்கும். மீதி 4,500இல் குழுவுக்கு 80 சதவீதம், அதாவது 3,600. ஏஜென்டுக்கு 10 சதவீதம், மேலாளருக்கு 15 சதவீதம், இரண்டும் சேர்ந்து 900. மிஞ்சுவது 2,700. பெட்ரோல் 150, மூன்று அறை 300, உதவிக்கு இரண்டு பேர் 400, ஏழு பேர் சாப்பாடு 210, மொத்தம் 1,060. கையில் நிற்பது 1,640. ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 328 டாலர். அதே இரவு 250 பேர்தான் வந்தார்கள் என்றால்? வசூல் 3,750, செலவு போக 2,250, குழுவின் பங்கு 1,800, கமிஷன் போக 1,350, வழிச்செலவு போக 290. ஆளுக்கு 58 டாலர். கூட்டம் மூன்றில் ஒரு பங்கு சுமார் குறைந்தால் வருமானம் ஐந்தில் ஒன்றைவிடவும் கீழே போகிறது. செலவுகள் கூட்டத்தோடு சேர்ந்து குறைவதில்லை என்பதுதான் காரணம். அதனால்தான் முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவைக்கும் ரசிகர் வட்டம், பத்திரிகையில் வரும் பாராட்டு விமர்சனத்தைவிடப் பெரிய சொத்து. அதே ஊரில் இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து வாசிப்பதும் இந்தக் கணக்கால்தான். பயணம் ஒரு தடவை, கூட்டம் மூன்று தடவை. ஆனால் மூன்று இரவும் ஒரே ஆட்கள் வருவார்கள், பாட்டு திரும்ப வரக்கூடாது. புதன்கிழமை பீட்சா கடையில் கற்றது இங்கே காசாகிறது.

இசைத்தட்டுகளுக்கு வருவோம். முதல் தட்டு 1980இல் டிப்பிட்டினாஸ் அரங்கில் பதிவான நேரடிக் கச்சேரி, 'வொர்க் டன் ஆன் பிரெமிசஸ்'. அடுத்த ஆண்டு 'ஹீட் ஜெனரேஷன்'. இரண்டும் அவர்களுடைய சொந்த நிறுவனமான குரோக்கரின் வெளியீடு. ஒரு குழுவின் முதல் தட்டே நேரடிக் கச்சேரியாக வருவது வழக்கமல்ல, ஆனால் இவர்களுக்கு அதுதான் பொருத்தம். பிறகு எபிக் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் வந்தது. 1987இல் 'லா ஆஃப் த ஃபிஷ்', 1989இல் 'ஜிக்ஜாகிங் த்ரூ கோஸ்ட்லேண்ட்', 1991இல் 'டோட்டல் எவாப்பரேஷன்'. மூன்றோடு அந்த உறவு முடிந்தது.

இதைத் தோல்விக் கதையாகச் சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தக் காலத்துப் பெரிய நிறுவன ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். மறுபடி ஒரு மாதிரிக் கணக்கு, இவர்களுடைய ஒப்பந்தம் அல்ல. ராயல்டி 12 சதவீதம், அதில் தயாரிப்பாளருக்கு 3 போனால் குழுவுக்கு 9. தட்டின் விலை 9 டாலர் என்றால், உறைச் செலவு என்று 25 சதவீதம் கழித்து 6.75 டாலர் மீதுதான் கணக்கு. அதில் 9 சதவீதம் 61 சென்ட். 'இலவசப் பிரதி' என்று 15 சதவீதப் பிரதிகளுக்குப் பணம் வராது, ஆகச் சராசரி 52 சென்ட். பதிவுச் செலவு, வீடியோவில் பாதி, பயண உதவி எல்லாம் சேர்ந்து 2,00,000 டாலர் குழுவின் கணக்கில் கடனாக நின்றால், அது அடையவே 3,85,000 பிரதிகளுக்கு மேல் விற்க வேண்டும். ஒரு லட்சம் விற்ற குழு நிறுவனத்தின் பேரேட்டில் கடனாளிதான். மேடையில் அதே குழு நன்றாகவே பிழைத்துக்கொண்டிருக்கலாம்.

இதில் குழுக்களை உடைக்கும் இன்னொரு வெடி இருக்கிறது. பாட்டு எழுதியவருக்குச் சட்டப்படி வரும் தொகை தனிக் கணக்கு. 1987இல் அது பிரதி ஒன்றுக்கு, பாட்டு ஒன்றுக்கு 5 சென்ட். நிறுவனங்கள் முக்கால் விகிதம்தான் தருவோம், பத்துப் பாட்டுக்குமேல் தரமாட்டோம் என்று எழுதி வாங்கும். அப்படியும் தட்டுக்கு 37.5 சென்ட் ஆகிறது, அது பெரும்பாலும் முதல் பிரதியிலிருந்தே வரும். ஆக, எழுதுகிறவருக்குக் காசு வரும், பக்கத்தில் நின்று வாசிக்கிறவருக்குக் கடன் கணக்கு வரும். ஒரே வேனில் இருவரும் எட்டு மணி நேரம் போக வேண்டும். எத்தனையோ குழுக்கள் இந்த இடத்தில் சிதறியிருக்கின்றன. பெரும்பாலான பாட்டுகளை ஒருவரே எழுதிய ரேடியேட்டர்ஸ் சிதறாமல் நின்றதற்கு, அவர்களுடைய முக்கிய வருமானம் தட்டில் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து உழைக்கும் மேடையில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

எபிக்குக்குப் பிறகு 20 ஆண்டுகள் வாசித்தார்கள். அதாவது குழுவின் ஆயுளில் பாதிக்கும் மேலே. அந்தக் காலத்து வெளியீடுகளில் 1998இல் வந்த 'கிரேட் அமெரிக்கன் மியூசிக் ஹால்' நேரடிப் பதிவு முக்கியமானது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்து, கரைகள் உடைந்து, நகரத்தில் 80 சதவீதம் நீரில் மூழ்கியபோது, உள்ளூர் கிளப்புகளை மட்டும் நம்பியிருந்த இசைக்கலைஞர்களுக்கு வாசிக்க இடமே இல்லாமல் போனது. வெளியூரில் நிலையான கூட்டம் வைத்திருந்த குழுக்களுக்குத்தான் போக்கிடம் இருந்தது. 2006இல் 'டிரீமிங் அவுட் லவுட்' வந்தது, 2008இல் முப்பதாவது ஆண்டை ஒட்டி 'வைல்ட் அண்ட் ஃப்ரீ'.

2010 இறுதியில் வோல்க்கர் விலகுவதாக அறிவித்தார். வேறொரு கீபோர்டு கலைஞரை வைத்துத் தொடர்ந்திருக்கலாம், அமெரிக்காவில் மூல ஆள் ஒருவரோடு ஊர் சுற்றும் குழுக்கள் ஏராளம். அவர்கள் பெயரை மடித்து வைத்தார்கள். 2011 ஜூன் 9, 10, 11 மூன்று இரவுகள், 'த லாஸ்ட் வட்டூசி' என்ற பெயரில் டிப்பிட்டினாஸில். பிறகு மலோன், போட்வான், புவா மூவரும் ரா ஆய்ஸ்டர் கல்ட் என்ற குழுவில் சேர்ந்தார்கள், ஸ்கான்லன் நியூ ஆர்லியன்ஸ் சஸ்பெக்ட்ஸ் குழுவில். ஜனவரி மாதங்களில் ஐவரும் டிப்பிட்டினாஸில் கூடி வாசிப்பதும் தொடர்ந்தது.

கேட்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்டுடியோ தட்டுகளில் தொடங்காதீர்கள். எண்பதுகளின் ஒலிப்பதிவுப் பாணி, டிரம்ஸுக்குப் போட்ட எதிரொலி, இவர்களுடைய நடுத்தாளத்தை இறுக்கிவிட்டது. குழு கச்சேரிகளைப் பதிவுசெய்ய ரசிகர்களை அனுமதித்திருந்தது, இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் ஏராளமான பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவின் குறிப்பில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மூலம். மிக்ஸர் மேசையிலிருந்து நேராக எடுத்த பதிவு சுத்தமாக இருக்கும், ஆனால் சின்ன அரங்குகளில் கிடார் ஆம்ப்ளிஃபையர்கள் தானாகவே உரக்க ஒலிப்பதால் மேசையில் அவற்றைக் குறைத்து வைத்திருப்பார்கள். விளைவு, குரலும் கீபோர்டும் முன்னால் நிற்கும், கிடார் எங்கோ பக்கத்து அறையில் கேட்கும். கூட்டத்துக்குள் நல்ல ஜோடி மைக் வைத்து எடுத்த பதிவில் சமநிலை சரியாக இருக்கும், பேச்சுச் சத்தம் கூட வரும். இரண்டையும் கலந்து செய்த பதிவு கிடைத்தால் அதை எடுங்கள். ஆனால் இரு மூலங்களும் நேரம் ஒத்திருக்கிறதா என்று ஸ்னேர் அடியைக் கவனியுங்கள், இரட்டையாகக் கேட்டால் விட்டுவிடலாம். இரண்டாவது, கேசட் தலைமுறை. எண்பதுகளின் பதிவுகளில் பிரதியின் பிரதியாக வந்தவற்றில் இரைச்சல் ஏறி மேல் ஸ்தாயி மங்கியிருக்கும். 90 நிமிடக் கேசட் பக்கத்துக்கு 45 நிமிடம்தான் என்பதால், நீண்ட தாவலின் நடுவே பாட்டு துண்டாகி நிற்கும் இடங்களும் வரும். தொண்ணூறுகளின் டிஜிட்டல் நாடாக்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. நேரம் குறைவு என்றால் முதல் செட்டை விட்டுவிட்டு இரண்டாவது செட்டில் தொடங்குங்கள். ஒலிப்பதிவாளர் முதல் செட்டில்தான் அளவுகளைச் சரிசெய்துகொண்டிருப்பார், குழுவும் அதற்குள் சூடேறியிருக்கும்.